லீட்கோட் பிரீமியம்: ஒரு மாதத்துக்குச் சரி, ஒரு வருடத்துக்கு வேண்டாம்

வங்கி மென்பொருளைப் பத்து வருடமாகக் கட்டிக் காப்பவர், நள்ளிரவில் விழுந்த சர்வரை எழுப்பத் தெரிந்தவர், வேலை மாறலாம் என்று இன்டர்வியூவுக்குப் போனால் அவரிடம் கேட்பது பைனரி ட்ரீ, டைனமிக் புரோகிராமிங் மாதிரியான அல்காரிதக் கேள்விகள்தான். 45 நிமிடத்துக்குள் அவர் எழுதிய கோடு (code) ஓடவில்லை என்றால் அந்தப் பத்து வருடமும் கணக்கில் வராது. சென்னை ஓ.எம்.ஆரில் வேலை தேடுகிறவர்களுக்கும் பெங்களூருவில் தேடுகிறவர்களுக்கும் இந்த எரிச்சல் பொதுவானது. இதற்கு மருந்தாக எல்லோரும் கைகாட்டுவது, இப்படிப்பட்ட கேள்விகளைப் போட்டுப் பழகுகிற தளமான லீட்கோட். அதன் பிரீமியம் சந்தா மாதத்துக்கு 35 டாலர், வருடத்துக்கு 159 டாலர். நம் பணத்தில் மாதச் சந்தா சுமார் 3,000 ரூபாய், வருடச் சந்தா 13,000 ரூபாய்க்கு மேல்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இன்டர்வியூ தேதி கையில் இருக்கிறவருக்கு ஒரு மாதச் சந்தா பிரயோஜனப்படும். மற்றவர்களுக்கு இலவச அக்கவுண்டே போதும். வருடச் சந்தா அநேகமாக யாருக்கும் தேவைப்படாது. ஏனென்றால் இன்டர்வியூவில் ஆட்களைக் கவிழ்க்கிற விஷயங்களில் பாதிக்கு மேல் இந்தத் தளத்துக்கு வெளியேதான் இருக்கின்றன.

தளத்தில் 3,000-க்கும் அதிகமான ப்ராப்ளங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை இலவசம். ஈஸி, மீடியம், ஹார்ட் என்று மூன்று தரம். இன்டர்வியூவில் வருவது பெரும்பாலும் மீடியம்தான். ஹார்டை முடித்தால்தான் தைரியம் வரும் என்று அதிலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பது வீண். பிளைண்ட் 75 என்று ஒரு பட்டியல் பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்தெந்த வகையில் கேள்வி வரும் என்பதை 75 ப்ராப்ளத்தில் அடக்கிய பட்டியல் அது. அதில் ஆறு மட்டும் லீட்கோடில் பூட்டப்பட்டவை: 252, 253 எண்ணுள்ள இரண்டு மீட்டிங் ரூம்ஸ், 261 கிராஃப் வேலிட் ட்ரீ, 269 ஏலியன் டிக்ஷனரி, 271 என்கோட் அண்ட் டிகோட் ஸ்ட்ரிங்ஸ், பிறகு கிராஃபில் தனித்தனித் துண்டுகளை எண்ணச் சொல்லும் 323. இந்த ஆறுக்காகச் சந்தா கட்ட வேண்டாம். இவற்றையே நீட்கோட் தளத்தில் காசில்லாமல் போட்டுப் பார்க்கலாம். நீட்கோட் 150, ஸ்ட்ரைவர் என்பவர் தொகுத்த ஏ டு இசட் ஷீட் ஆகிய இரண்டு பட்டியல்களும் இலவசம். முதல் மூன்று மாதப் பயிற்சிக்கு இவை தாராளம்.

பிரீமியத்தில் உண்மையிலேயே மதிப்புள்ளது ஒன்றே ஒன்று: கம்பெனி வாரியான பட்டியல். எந்தக் கம்பெனியில் கடந்த 30 நாளில், 3 மாதத்தில், 6 மாதத்தில் எந்தெந்தக் கேள்வி கேட்டார்கள் என்று வரிசைப்படுத்திக் காட்டும். கூகுள், அமேசான், மெட்டா போன்ற பெரிய கம்பெனிகளுக்கு இது நல்ல பலன் தருகிறது. அதே கேள்வி வராவிட்டாலும், அந்த இடத்தில் கிராஃப் அதிகமா, ஸ்ட்ரிங் அதிகமா என்கிற வாசனை பிடிபடும். ஆனால் இந்தத் தகவல் கம்பெனி தருவதல்ல, இன்டர்வியூ கொடுத்தவர்கள் தாங்களாகப் பதிவதுதான். ஆகவே ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்குகிற கம்பெனிக்குப் பட்டியல் கனமாக இருக்கும். சென்னையில் 80 பேர் வேலை செய்கிற ஒரு ப்ராடக்ட் கம்பெனியின் பெயரைத் தேடினால் இரண்டோ மூன்றோ வரும், இல்லை ஒன்றுமே வராது. நீங்கள் போகிற கம்பெனி எது என்று தெரியாமல் பிரீமியம் வாங்கக் கூடாது என்பதற்கு இதுதான் முதல் காரணம்.

தளமே எழுதித் தருகிற எடிட்டோரியல் விளக்கங்கள் தரமானவை. மெதுவான வழியில் தொடங்கி வேகமான வழிக்குப் படிப்படியாக ஏறி, ஒவ்வொன்றுக்கும் நேரச் செலவும் நினைவகச் செலவும் சொல்வார்கள். பூட்டியிருப்பதைத் திறக்கக் காசு கொடுக்கலாமா என்றால், பிரபலமான ப்ராப்ளங்களுக்கு யூடியூபிலேயே அதைவிடத் தெளிவான விளக்கங்கள் கிடைக்கின்றன. சொல்யூஷன்ஸ் பகுதியில் மற்றவர்கள் போடுகிற கோடைப் பார்த்து எழுதக் கற்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே மிதப்பது பெரும்பாலும் நாலு வரியில் சுருக்கிய கோடு. ஒற்றை எழுத்து மாறிகள், ஒரே வரியில் மூன்று வேலை. இதை அப்படியே இன்டர்வியூவில் எழுதினால், விடை சரியாக இருந்தாலும் படிக்க முடியாத கோடு என்று மதிப்பெண் குறையும். பிரீமியத்தில் வருகிற, பிழை தேட உதவும் டீபக்கர் பயனுள்ளதுதான், ஆனால் வி.எஸ். கோடில் இருக்கிற டீபக்கரே போதுமே.

சப்மிட் செய்ததும் ‘இத்தனை சதவீதம் பேரை முந்திவிட்டீர்கள்’ என்று வருகிற எண்ணை நம்ப வேண்டாம். ஒரே கோடை இரண்டு முறை அனுப்பினாலே அந்த எண் மாறும். சர்வரில் அந்த நேரத்தில் இருக்கிற சுமையும் அதில் கலந்திருக்கிறது. அல்காரிதத்தின் வேகம்தான் முக்கியம், மில்லி செகண்ட் அல்ல. தினசரி சவாலும் அப்படித்தான். ஒரு நாள் கூட விடாமல் போட்டால் தொடர் எண் ஏறிக்கொண்டே போகும். நாள் விடக் கூடாது என்பதற்காக, புரியாத ப்ராப்ளத்துக்கு விடையை நகலெடுத்து ஒட்டுகிற பழக்கம் அதில் தொற்றிக்கொள்கிறது. ஞாயிறு காலை 8 மணிக்கு நடக்கிற வாரப் போட்டி இதைவிட ஆயிரம் மடங்கு மேல். 90 நிமிடம், நான்கு ப்ராப்ளம், முன்பு யாரும் பார்த்திராதவை. முதல் இரண்டை 30 நிமிடத்துக்குள் முடிக்க வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பெரும்பாலான ஸ்கிரீனிங் சுற்றுக்கு நீங்கள் தயார். இதுவும் இலவசம்தான்.

இனி இந்தத் தளம் உங்களிடமிருந்து மறைக்கிற விஷயங்கள். யாரும் எச்சரிக்காமல் விடுவதும், நல்ல ஆட்கள் விழுவதும் இங்கேதான்.

லீட்கோடில் ஃபங்ஷனின் தலைப்பு வரியை அவர்களே எழுதித் தந்துவிடுகிறார்கள். உள்ளீடு ஏற்கெனவே அரேயாக வந்து நிற்கும். ஜாவாவில் யுட்டில் பேக்கேஜ் முழுக்க இம்போர்ட் ஆகியிருக்கும். பைத்தானில் டெக், ஹீப்கியூ, லிஸ்ட் என்று எதைத் தொட்டாலும் தயாராக இருக்கும். இன்டர்வியூவில் திறக்கிற கோடர்பேடிலோ உங்கள் சொந்த எடிட்டரிலோ இது எதுவும் இருக்காது. இருநூறு ப்ராப்ளம் போட்டவர்கள் கூட ஹீப்பை எங்கிருந்து இம்போர்ட் செய்வது என்று திணறுகிறார்கள். ஆகவே வாரத்துக்கு நான்கு ப்ராப்ளமாவது வெறும் ஃபைலில், முதல் வரியிலிருந்து நீங்களே எழுதி, நீங்களே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கேம்பஸ் தேர்வுகளிலும் சர்வீஸ் கம்பெனித் தேர்வுகளிலும் இந்த வித்தியாசம் இன்னும் கடுமை. பல தேர்வுகளில் உள்ளீட்டை நீங்களேதான் வாசிக்க வேண்டும், விடையை நீங்களேதான் அச்சிட வேண்டும். ‘எண்ணைக் கொடுங்கள்’ என்று ஒரு வரி கூடுதலாக அச்சிட்டாலும் விடை தவறாகிவிடும், ஏனென்றால் சரிபார்ப்பது மனிதர் அல்ல, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற புரோகிராம். கல்லூரி லேபில் அப்படி எழுதிப் பழகியதால் முதல் தேர்விலேயே பூஜ்யம் வாங்குகிறவர்கள் நிறைய. ஜாவாவில் ஸ்கேனரின் நெக்ஸ்ட்இன்ட் முடிந்ததும் நெக்ஸ்ட்லைன் கூப்பிட்டால் வெற்று வரிதான் வரும். எண்ணுக்குப் பின்னால் இருக்கிற வரி முடிவுக் குறியை அது விழுங்கிவிடுகிறது. நடுவில் ஒரு நெக்ஸ்ட்லைனை வெறுமனே கூப்பிட்டுவிட்டுத் தொடர வேண்டும். உள்ளீடு லட்சக்கணக்கில் போனால் ஸ்கேனர் மெதுவாகி நேரம் தாண்டிவிடும், பஃபர்டுரீடருக்கு மாறுங்கள். சி பிளஸ் பிளஸ்ஸில் ஒவ்வொரு வரிக்கும் எண்ட்எல் போட்டால் ஒவ்வொரு முறையும் பஃபர் காலியாகி வேகம் குறையும்.

மதிப்பெண் தருகிற முறையும் வேறு. லீட்கோடில் எல்லா டெஸ்ட் கேஸும், அதாவது சோதனை உள்ளீடுகளும், தேறினால்தான் பச்சை. ஒன்று விழுந்தாலும் சிவப்பு. கம்பெனிகள் நடத்துகிற ஹேக்கர்ரேங்க் தேர்வுகளில் பல சமயம் தேறிய டெஸ்ட் கேஸுக்குத் தக்கபடி மதிப்பெண் உண்டு. ஆகவே அங்கே முதல் வேலை, இரட்டை லூப் போட்டாவது மெதுவான விடையை எழுதிச் சேர்த்துவிடுவது. அதிலேயே பாதி மதிப்பெண் வந்துவிடலாம். பிறகு மீதி நேரத்தில் வேகமான வழியைத் தேடலாம். லீட்கோடில் மட்டுமே பழகியவர் முழு விடைக்காகக் காத்திருந்து, மணி முடிகிறபோது வெறும் திரையோடு நிற்கிறார். ஹேக்கர்ரேங்க் திருச்சி என்.ஐ.டி.யில் படித்த இரண்டு பேர் 2009-ல் இன்டர்வியூஸ்ட்ரீட் என்ற பெயரில் தொடங்கியது. இன்றைக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதுகிற ஆன்லைன் தேர்வுகளில் பெரும்பங்கு அதிலும் அதைப் போன்ற தளங்களிலும்தான் நடக்கிறது. டேப் மாறினால் பதிவாகும், வெளியிலிருந்து ஒட்டிய கோடு தனியாகத் தெரியும், கேமரா இடையிடையே படம் எடுக்கும். தேர்வுக்கு முன் வாட்ஸ்அப் வெப்பையும் நோட்டிபிகேஷன்களையும் மூடிவிடுங்கள். ஒரு பாப்அப் வந்து ஃபோகஸ் மாறினாலே அதுவும் பதிவில் ஏறக்கூடும்.

மொழி சார்ந்த சில பொறிகளை லீட்கோட் மூடி மறைத்துவிடுகிறது. கட்டத்தில் உள்ள தீவுகளை எண்ணச் சொல்லும் 200-ஆம் எண் நம்பர் ஆஃப் ஐலண்ட்ஸில் கட்டம் 300-க்கு 300 வரை போகலாம். முழுக்க நிலமாக இருந்தால், ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுகிற ரிகர்ஷன் பல்லாயிரம் ஆழம் இறங்கும். லீட்கோடில் பைத்தான் விடை ஓடிவிடும். அதே கோடை உங்கள் லேப்டாப்பில் ஓட்டினால் விழும், ஏனென்றால் பைத்தானின் இயல்பான ரிகர்ஷன் எல்லை 1,000. கியூ வைத்து, பக்கத்துக் கட்டங்களை அடுக்கடுக்காகப் பார்க்கிற பி.எஃப்.எஸ். ஆக எழுதப் பழகுவதுதான் பாதுகாப்பு. எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. ஜாவாவில் ஸ்டாடிக் மாறியில் எதையாவது சேர்த்து வைத்தால், லீட்கோட் எல்லா டெஸ்ட் கேஸையும் ஒரே ஓட்டத்தில் ஓட்டுவதால் முந்தைய கேஸின் மிச்சம் அடுத்ததில் கலந்து, லேப்டாப்பில் சரியாக வருகிற கோடு அங்கே தவறாகும்.

ஜாவாக்காரர்களுக்கு இன்னும் இரண்டு. மேப்பிலிருந்து எடுத்த இரண்டு இன்டிஜர்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் 127 வரை சரியாக வரும், அதற்கு மேல் சொதப்பும். மைனஸ் 128 முதல் 127 வரையிலான பொருள்களை மட்டும்தான் ஜாவா மறுபயன்பாட்டுக்கு வைத்திருக்கிறது. ஈக்வல்ஸ் போட வேண்டும். 76-ஆம் எண் மினிமம் விண்டோ சப்ஸ்ட்ரிங்கில் கடைசி டெஸ்ட் கேஸ்கள் மட்டும் விழுவதற்கு அடிக்கடி இதுதான் காரணம். அடுத்தது பைனரி சர்ச்சில் நடுப்புள்ளிக்காக, தேடும் எல்லைகளான லோவையும் ஹையையும் கூட்டி இரண்டால் வகுப்பது. 278-ஆம் எண் ஃபர்ஸ்ட் பேட் வெர்ஷனில் எண்கள் 214 கோடிக்கு மேல் போகும்; கூட்டும்போதே இன்ட் நிரம்பி மைனஸில் போய்விடும். ஹையிலிருந்து லோவைக் கழித்து, பாதியாக்கி, லோவோடு கூட்ட வேண்டும். ஜாவாவின் சொந்த லைப்ரரியிலேயே இந்தப் பிழை வருடக்கணக்கில் இருந்து 2006-ல்தான் வெளியே பேசப்பட்டது. ஆகவே இதில் விழுந்தவர்கள் தங்களை மட்டமாக நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ப்ராப்ளத்தின் அடியில் கான்ஸ்ட்ரெயின்ட்ஸ் (உள்ளீட்டின் வரம்புகள்) என்று நாலு வரி இருக்கும். எந்த வழியில் போக வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும். உள்ளீடு 20-க்குள் என்றால் எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று பார்க்கலாம். பத்து லட்சம் சேர்க்கைதான். 5,000 என்றால் இரட்டை லூப் தாங்கும். ஒரு லட்சம் என்றால் இரட்டை லூப் 1,000 கோடி தடவை சுழலும். ஒரு செகண்டுக்குச் சுமார் 10 கோடி எளிய வேலைதான் ஓடும் என்பது கைக்கணக்கு, ஆகவே சார்ட், ஹீப், ஹேஷ் மேப் பக்கம் போக வேண்டும். பைத்தானுக்கு இந்த 10 கோடியை இன்னும் வெகுவாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் லீட்கோடில் எழுதியே இருக்கிறது. இன்டர்வியூவில் யாரும் எழுதித் தர மாட்டார்கள். ‘உள்ளீடு எவ்வளவு பெரிதாக இருக்கும், வரிசையில் இருக்குமா, திரும்பத் திரும்ப வருமா, மைனஸ் எண் வருமா, காலியாக வருமா’ என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்காமல் நேரே எழுதத் தொடங்குவதை ஒரு குறையாகவே பல இடங்களில் குறித்துக்கொள்கிறார்கள்.

டெஸ்ட் கேஸும் அப்படித்தான். லீட்கோடில் சப்மிட்டை அழுத்தினால் நூறு கேஸ் ஓடி, எது விழுந்தது என்று அதுவே காட்டிவிடும். பிழையைத் தேடுகிற வேலையைத் தளம் செய்வதால் நம்முடைய அந்தப் புத்தி மழுங்குகிறது. சப்மிட்டுக்கு முன் காலி உள்ளீடு, ஒற்றை உறுப்பு, எல்லாமே ஒரே எண், தலைகீழ் வரிசை என்று நான்கை நீங்களே எழுதி, காகிதத்தில் ஒவ்வொரு வரியாக மாறிகளின் மதிப்பைப் போட்டுப் பாருங்கள். முதல் சப்மிட்டிலேயே பச்சை வருவது எத்தனை தடவை என்பதைக் குறித்து வையுங்கள். போட்ட ப்ராப்ளங்களின் எண்ணிக்கையைவிட இந்த விகிதம்தான் உங்கள் தயார்நிலையைச் சரியாகச் சொல்லும்.

பேச்சு இன்னொரு பெரிய ஓட்டை. லீட்கோடில் வாயைத் திறக்க வேண்டியதில்லை. இன்டர்வியூவில் யோசிப்பது, பேசுவது, எழுதுவது மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், அதுவும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கும்போது. வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில் 48 மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஆள் முன்னால் பலகையில் பேசிக்கொண்டே விடை எழுதியது. இன்னொரு குழு தனியறையில் யாரும் இல்லாமல் எழுதியது. ஆள் முன்னால் எழுதியவர்களின் திறன் பாதியாகச் சரிந்தது. ஆள் முன்னால் எழுதிய பெண்களில் ஒருவரும் தேறவில்லை. தனியறையில் எழுதிய பெண்கள் எல்லோரும் தேறினார்கள். எடுத்துக்கொண்ட ஆட்கள் குறைவுதான். ஆனாலும் இன்டர்வியூ அளப்பதில் பதற்றம் எவ்வளவு, திறமை எவ்வளவு என்ற கேள்வியை இதற்குப் பிறகு தட்டிக்கழிக்க முடியாது. நாம் செய்யக்கூடியது, பதற்றத்தைப் பழக்கத்தால் குறைப்பது. நண்பர் ஒருவரை வாரத்துக்கு இரண்டு முறை கூகுள் மீட்டில் உட்கார வையுங்கள். அவருக்கு கோடு தெரிய வேண்டும் என்பது கூட இல்லை; பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். ஆங்கிலத்தில் விளக்கத் தயங்குகிறவர்கள் முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லி, சிந்தனை கோர்வையானதும் அதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். மொழி உதைக்கிறதா, யோசனையே உதைக்கிறதா என்பது அப்போது பிரிந்து தெரியும்.

45 நிமிடச் சுற்றில் கோடு எழுதக் கிடைப்பது 20 நிமிடம்தான். அறிமுகத்துக்கு 5, கேள்வியைத் தெளிவுபடுத்த 5, வழியைச் சொல்லி ஒப்புதல் வாங்க 7 அல்லது 8, கடைசியில் ஓட்டிப் பார்க்கவும் உங்கள் கேள்விகளுக்கும் மிச்சம். ஆகவே மீடியம் ப்ராப்ளத்துக்கு வீட்டில் 25 நிமிடம் மணி வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்தும் வழி பிடிபடவில்லை என்றால் விளக்கத்தைப் பாருங்கள், மூடிவைத்துவிட்டு அதே நாள் எழுதுங்கள், மூன்று நாள் கழித்து எதையும் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. ஒரு ப்ராப்ளத்தில் இரண்டு மணி நேரம் முட்டிக்கொள்வது வீரமாகத் தெரியலாம், ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவருக்கு அது கட்டுப்படியாகாது. 146 எல்.ஆர்.யு. கேஷ், 56 மெர்ஜ் இன்டர்வல்ஸ், 207 கோர்ஸ் ஷெட்யூல், 215 கே-ஆவது பெரிய எண், 322 காயின் சேஞ்ச் போன்றவற்றைக் கேட்ட மாத்திரத்தில் எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டால், அவற்றின் பங்காளிகள் ஐம்பது நூறு தானாகப் பிடிபடும்.

எந்த வகைக் கம்பெனிக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்தத் தளத்தின் மதிப்பு ஏறி இறங்குகிறது. டி.சி.எஸ். என்.க்யூ.டி. போன்ற தேர்வில் ஆப்டிடியூடும் வெர்பலும் கோடிங்கோடு சேர்ந்து வரும். அங்கே ஈஸியும் எளிய மீடியமும் போதும், பிரீமியத்துக்கு வேலையே இல்லை. ஜோஹோவின் பாணி தனி. முதல் சுற்றில் ஆப்டிடியூடும், சி புரோகிராமைப் பார்த்து வெளியீட்டைச் சொல்கிற கேள்விகளும். அடுத்து அடிப்படை புரோகிராம்கள். அதற்கு மேல் ரயில் முன்பதிவு, டாக்சி புக்கிங் மாதிரி ஒரு சிறு அப்ளிகேஷனையே கன்சோலில் கட்டி, கேட்கிற மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டிய சுற்று. லீட்கோடில் ஐந்நூறு போட்டவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள், ஏனென்றால் கிளாஸ்களை எப்படிப் பிரிப்பது, எந்தத் தகவலை எங்கே வைப்பது என்று அந்தத் தளம் பெரும்பாலும் கேட்பதில்லை. ஃப்ளிப்கார்ட் போன்ற பெங்களூரு கம்பெனிகளின் மெஷின் கோடிங் சுற்றும் இதே ஜாதி. சுமார் 90 நிமிடத்தில் பார்க்கிங் லாட், பாம்பும் ஏணியும், நண்பர்கள் செலவைப் பங்கிடும் ஆப் என ஏதாவது ஒன்றை ஓடுகிற நிலையில் தர வேண்டும். முதல் 60 நிமிடத்தில் முக்கியமான ஒரு பாதையையாவது முழுசாக ஓட வைத்துவிட வேண்டும். கிளாஸ் வரைபடத்திலேயே நேரத்தைக் கரைத்துவிட்டு, மெயின் ஃபங்ஷன் இல்லாமல் முடிப்பவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள்.

ஐந்து வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர்களுக்கு முடிவைத் தீர்மானிப்பது, பெரிய மென்பொருளை எப்படிக் கட்டமைப்பது என்று கேட்கிற சிஸ்டம் டிசைன் சுற்று. லீட்கோடில் அதற்கும் பாடங்கள் இருக்கின்றன, ஆனால் தளத்தின் பலம் அது அல்ல. உங்கள் சொந்த புராஜெக்டில் ஒரு நாளைக்கு எத்தனை ரிக்வெஸ்ட் வருகிறது, டேட்டாபேஸ் எவ்வளவு பெரிது, எங்கே கேஷ் வைத்தீர்கள், ஏன் வைத்தீர்கள், எது உடைந்தது என்று எண்களோடு சொல்லத் தயாராக இருப்பது அந்தச் சுற்றுக்கு இன்னும் நல்ல தயாரிப்பு.

இத்தனை பயிற்சியும் வேலைக்காக அல்ல, வேலைக்குள் நுழைகிற கதவுக்காக மட்டும் என்பதுதான் மனசை உறுத்துகிறது. உலகம் முழுக்க மேக் கணினிகளில் புரோகிராமர்கள் பயன்படுத்துகிற ஹோம்ப்ரூவை எழுதிய மேக்ஸ் ஹவல், பைனரி ட்ரீயைப் புரட்டிப் போடத் தெரியாததால் கூகுள் தன்னை நிராகரித்தது என்று 2015-ல் ட்விட்டரில் எழுதினார். அந்த ப்ராப்ளம் லீட்கோடில் 226-ஆம் எண், தரம் ஈஸி. எல்லோரும் அதை மனப்பாடம் செய்துவிட்டார்கள். அதனால் யாருடைய மென்பொருளும் மேம்பட்டதாகத் தெரியவில்லை. கோடிங் சாராத புதிர்க் கேள்விகள் சுத்த வீண் என்று கூகுளின் மனிதவளத் தலைமையில் இருந்த லாஸ்லோ பாக் 2013-லேயே சொல்லிவிட்டார். வேலையின் ஒரு துண்டையே கொடுத்துச் செய்யச் சொல்வதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே அளவுகோலில் கேட்பதும் ஆளைச் சரியாகக் கணிக்கின்றன என்று 1998-ல் வந்த, உளவியலாளர்கள் ஷ்மிட், ஹன்ட்டரின் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. இன்டர்வியூ எடுக்கிற இடத்தில் இருக்கிறவர்கள் அடுத்த முறை இதைச் செய்து பார்க்கலாம்: உங்கள் டீமில் உண்மையில் வந்த ஒரு பிழையைச் சுருக்கி, இருநூறு வரிக் கோடாகக் கொடுத்து, கூகுளில் தேட அனுமதித்து, ஒரு மணி நேரத்தில் திருத்தச் சொல்லுங்கள். வந்தவர் எப்படி வேலை செய்வார் என்று கண்முன்னால் தெரியும். ரிஜெக்ட் செய்தால் இரண்டு வரியில் காரணமும் எழுதி அனுப்புங்கள். 90 நாள் நோட்டீஸ் பீரியடில் ஒவ்வொரு வாரத்தையும் எண்ணிக்கொண்டிருப்பவரைப் பதிலே சொல்லாமல் தொங்கலில் விடுவது அநியாயம்.

ஏ.ஐ. வந்த பிறகு ஆன்லைன் சுற்றுகளின் மீது நம்பிக்கை குறைந்துவிட்டது. விடையைத் திரையில் மறைவாகக் காட்டுகிற கருவிகளே விற்பனைக்கு வந்துவிட்டன. குறைந்தது ஒரு சுற்றாவது நேரில் நடத்தப்போவதாக 2025-ல் கூகுளின் சுந்தர் பிச்சை சொன்னார். நேரில் வரச் சொன்னால் ஏமாற்றுகிறவர்கள் நிற்பார்கள், ஆனால் திருநெல்வேலியிலிருந்து பெங்களூருக்கு லீவு போட்டுப் போய்வருகிற செலவும் நேரமும் தேடுகிறவர் தலையில்தான் விழும். பலகையில், கையெழுத்தில், ரன் பட்டன் இல்லாமல் எழுதுகிற பழைய திறமைக்கு மறுபடி தேவை வருகிறது. வாரத்துக்கு ஒரு ப்ராப்ளத்தைக் காகிதத்தில் எழுதி, பிறகு அப்படியே தட்டச்சிட்டு ஓட்டிப் பார்த்து, எத்தனை பிழை வந்தது என்று எண்ணுங்கள்.

வாங்குவது என்று முடிவானால், முதலில் ரெக்ரூட்டரிடம் நான்கைக் கேளுங்கள்: மொத்தம் எத்தனை சுற்று, கோடிங் எந்தத் தளத்தில், கோடை ஓட்டிப் பார்க்க விடுவார்களா, டி.எஸ்.ஏ.வா (டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் கேள்விகள்) மெஷின் கோடிங்கா. பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். டி.எஸ்.ஏ. என்று பதில் வந்து, அந்தக் கம்பெனியின் பட்டியலும் லீட்கோடில் கனமாக இருக்கும் என்று தெரிந்தால் மட்டும், இன்டர்வியூவுக்கு மூன்று நான்கு வாரம் முன்பாக மாதச் சந்தா எடுங்கள். கட்டணம் டாலரில் போனால் கார்டைப் பொறுத்து 2 முதல் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். இரண்டு மூன்று கார்டு இருந்தால் எதில் குறைவு என்று பார்த்துக் கட்டுங்கள். பணம் போன அன்றைக்கே செட்டிங்ஸில் போய் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிடுங்கள். கட்டிய மாதம் முடியும் வரை பிரீமியம் வேலை செய்யும். முதல் நாளே அந்தக் கம்பெனியின் 30 நாள் பட்டியலையும் 3 மாதப் பட்டியலையும் எடுத்து, அதில் அடிக்கடி வருகிற முதல் 40 ப்ராப்ளங்களை வரிசைப்படுத்துங்கள். ஒரு நாளைக்கு இரண்டு என்று போட்டால் மூன்று வாரத்தில் முடிந்து, மறுபார்வைக்கு ஒரு வாரம் மிஞ்சும்.